புது ஐடியா வரவில்லையா? கடைசியிலிருந்து தொடங்குங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை (பூ வேலைப்பாடுள்ள டைல்ஸ்) எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மேல் அச்சை வைத்து முதலில் வண்ணத்தை ஊற்றுவார்கள், மணலும் சிமென்ட்டும் அப்புறம்தான், அதாவது நாம் மிதிக்கிற முகம்தான் முதலில் உருவாகிறது. கண்ணாடி பட்ட பக்கம் பாலிஷ் போடாமலே பளபளக்கும்.

தொழிலிலும் இப்படித் தலைகீழாக யோசிக்கலாம். காரைக்குடியில் பலகாரம் போடும் எங்கள் ஆச்சியிடம், சரக்கை விடுங்கள், முதலில் டப்பா மேல் ஒட்டுகிற லேபிளை எழுதுங்கள் என்றேன். "கூரியரில் போனாலும் உடையாத கைமுறுக்கு" என்று எழுதினார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே தோன்றாத வரி. அதற்காகவே முறுக்கின் அளவைச் சிறிதாக்கினார், டப்பாவும் மாறியது. லேபிளுக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் பேனாவால் எழுதுங்கள், போனில் வேண்டாம்.