ஒரு ஸ்பூன் உப்பை வைத்து ஹைக்ரோமீட்டரைச் சரிபார்ப்பது எப்படி?

மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப்போகிறது, மரக்கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. மரமும் மாவும் பருத்தித் துணியும் காற்றில் ஈரம் ஏற ஏற, அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்பவை. உப்பு வேறு ரகம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்வரை தூய உப்பு உலர்ந்தே கிடக்கும். தாண்டிவிட்டால் ஈரத்தை இழுத்துத் தானாகவே கரைய ஆரம்பிக்கும். இந்தக் குணம் நமக்குப் பெரிய உதவி. கேமரா பெட்டியிலோ தானிய டப்பாவிலோ வைக்கும் மலிவு விலை டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி) சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

தேவை: தூள் உப்பு, பாட்டில் மூடி ஒன்று, காற்றுப் புகாத ஜிப்லாக் கவர்.

1. மூடியில் முக்கால் பங்கு உப்பை நிரப்புங்கள்.

2. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். இந்தப் படியில்தான் கவனம் வேண்டும். உப்பு ஈர மணல் போல ஆக வேண்டும். மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. கரையாத உப்பு கடைசிவரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

3. மூடியையும் மீட்டரையும் கவருக்குள் வைத்து மூடுங்கள். உப்பு மீட்டரில் படக் கூடாது.

4. வெயிலும் ஏசி காற்றும் படாத இடத்தில் ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். உள்ளே காற்று வறண்டிருந்தால் உப்புச் சேற்றிலிருந்து தண்ணீர் ஆவியாகும். ஈரம் கூடுதலாக இருந்தால் உப்பு அதை இழுத்துக்கொள்ளும். இப்படியே 75-இல் வந்து நிற்கும். 20 டிகிரியில் 75.5, 30 டிகிரியில் 75.1; நம்மூர் அறை வெப்பம் எதுவானாலும் கவலையில்லை.

5. கவரைத் திறக்காமலே படியுங்கள். 71 என்று காட்டினால் உங்கள் மீட்டர் 4 குறைவாகக் காட்டுகிறது. இனி அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கல்லுப்பு வேண்டாம். கடல்நீரிலிருந்து வரும் மக்னீசியம் குளோரைடு அதில் ஒட்டியிருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். வெளியே ஈரம் 75-ஐத் தொடாத நாளிலும் கல்லுப்பு ஜாடி நசநசப்பது இதனால்தான்.

75-இல் இருக்கும் பிழையே 40-இலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கேமரா பெட்டி போன்ற வறண்ட இடத்துக்காகப் பார்ப்பவர்கள் தூய மக்னீசியம் குளோரைடு வாங்கி இதே சோதனையைச் செய்யுங்கள்; அப்போது மீட்டர் 33 காட்ட வேண்டும்.