சுற்றுச்சூழல் என்றாலே எழுந்து போகிறார்களா? நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரின் கடலோர ஊரான தேவனாம்பட்டினத்துக்காரரிடம் போய், கடல் மட்டம் உயரப்போகிறது, புயல்கள் வலுக்கப்போகின்றன என்று பயமுறுத்திப் பயனில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். ஆபத்து அவருக்குத் தெரியாததல்ல. என்ன செய்தால் நிலைமை தேறும் என்பதைத்தான் யாரும் அவரிடம் சொல்வதில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளி மன்றம், இளைஞர் குழு, குடியிருப்போர் சங்கம் என்று இயங்குகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பயத்தில் தொடங்கிப் பயத்திலேயே முடித்துவிடுகிறார்கள். கேட்பவரும் "நம்மால என்ன ஆகப்போகுது" என்று எழுந்து போய்விடுகிறார்.

இத்தனைக்கும் சொல்ல நல்ல கதை பக்கத்திலேயே இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் படகு சவாரி போகாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. ஆனால் அந்தக் காட்டின் ஒரு பகுதி ஒரு காலத்தில் பட்டுப்போய்க் கிடந்தது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேற்று நிலம் காய்ந்து நடுவில் தாழ்ந்துபோனது. கடல் ஏறும் ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது, வற்றியது, உப்பு ஏறியது. அதன்பிறகு அங்கே கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் மாதிரி ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டினார்கள். தண்ணீர் வந்துபோகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் எழுந்தன. சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. என்ன கெட்டது, ஏன் கெட்டது, மண்வெட்டி பிடித்து அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்ற மூன்றும் இந்தக் கதையில் இருக்கின்றன. பனிக்கரடிப் படம் காட்டும் நேரத்தில் இதைச் சொல்லலாமே.

நம்பிக்கை ஊட்டுகிறேன் என்று பாதிக் கதையோடு நிறுத்துவதும் தவறு. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத் தடுப்புகள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணற்பரப்பு கரைந்து வெறும் பாறைக்கரை ஆனது. பிறகு கடலுக்கடியில் செயற்கைத் தடுப்பு ஒன்றை 2018இல் இறக்கினார்கள். மணலும் கொட்டினார்கள். இன்று அங்கே குழந்தைகள் மணலில் விளையாடுகிறார்கள். கட்டாயம் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் வடக்கே பொம்மையார்பாளையம் பக்கம் கரை அரிப்பு ஓய்ந்துவிடவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அங்கே வீடு இழந்தவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், நாம் பாதியை மறைத்தது உடனே தெரிந்துவிடும். அப்புறம் நம் பேச்சு எதையும் அவர் நம்பமாட்டார்.

எனக்கு மனம் பொறுக்காத இன்னொன்று, குற்றத்தைத் தவறான ஆளின் தலையில் வைப்பது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு ஊரில் இருப்பவரிடம் கேரி பேக்கைப் பற்றி மட்டும் பேசினால் அவருக்குக் கோபம் வருமா, வராதா? ரசாயன நாற்றத்தோடு காலம் தள்ளுகிறவர் அவர். அந்தப் பகுதி மக்களில் சிலர், பயிற்சி எடுத்துக்கொண்டு, வாளியும் பையும் வைத்துச் சோதனைக்காகக் காற்றைப் பிடித்தார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004இல் அது அறிக்கையாகவே வந்தது. பட்டம் படிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். எந்த நேரத்தில் என்ன வாடை அடிக்கிறது என்று குறித்து வைப்பது அவர்களுக்கு ஒரு பிடிமானத்தைக் கொடுத்தது. மக்களுக்கு அறிவுரையைவிட இப்படிப்பட்ட கருவியும் வேலையும்தான் தேவை.

சரி, மரம் நடுவதற்கு வருவோம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக அன்றைக்கே கன்று நடுவது நம் கரையோரத்துக்குப் பொருந்தாது. அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் நட்டால் நான்கு மாதம் குடம் சுமக்க வேண்டும். சில ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறைகூட முடிந்திருக்காது. காய்ந்துபோன கன்றைப் பார்க்கிற பிள்ளை, இதெல்லாம் போட்டோவுக்குத்தான் என்று முடிவு கட்டிவிடும். புரட்டாசி கடைசியில் நடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு போதும். ஜூன் 5க்கு, போன ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

தெரிந்தவர்களுக்கே பாடம் எடுப்பதும் வேண்டாம். வாழையிலை, மஞ்சப்பை, தூக்குப் பாத்திரம் என்று வாழ்ந்த பாட்டியை மேடையேற்றிப் பேசச் சொன்னால் அவரே நன்றாகப் பேசுவார்.

எல்லாவற்றையும்விட, இதில் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஜனவரியிலிருந்து சில மாதம் பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட வருகின்றன. வனத்துறை முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்துப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம், வெளிச்சம் குஞ்சுகளைத் திசைதிருப்பிவிடும். குளிர்காலத்தில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊசுட்டேரிக்குப் போனால் வலசை வந்த வாத்துகளைப் பார்க்கலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டு மாடியில் நின்றே கலந்துகொள்ளலாம். மாசி மகத் தீர்த்தவாரிக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் கூடுகிற கூட்டத்திடம் மைக் பிடித்துக் கத்தாமல், வழியெங்கும் குடிதண்ணீர்ப் பானையும் டம்ளரும் குப்பைக்கூடையும் வையுங்கள். பாட்டில் வாங்குவது குறையும்.