கிருஷ்ணகிரிக்குக் குடிபெயருமுன்: வீடு பார்ப்பதில் நேரும் தவறுகள்

பணியிட மாறுதலிலோ புதிய வேலை கிடைத்தோ கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்களில் பலர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து, புரோக்கர் காட்டும் மூன்று நான்கு வீடுகளில் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அன்று மாலையே திரும்பிவிடுகிறார்கள். அறைகளின் அளவும் வாடகையும்தான் அன்று பார்க்கப்படுகின்றன. அந்தத் தெருவுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பகுதிக்குக் குழந்தைகளோடு வருகிறவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் இதுவே பெரிது என்பேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில், பாறைகளிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு மிகுந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் அந்த நீர் குடிக்க உகந்ததன்று. வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதோடு, ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களின் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. இதைத் தடுக்கவே, காவிரி நீரைக் குடிநீராகக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே ‘தண்ணீர் வசதி உண்டா?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ‘போர் இருக்கிறது, எந்நேரமும் வரும்’ என்று வீட்டுக்காரர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும். ஒகேனக்கல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதா, தெருக்குழாயோடு நின்றுவிடுகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு நேரம் வருகிறது, சம்பில் அது போர் தண்ணீரோடு கலக்கிறதா என்பவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். அதையும் பக்கத்து வீடுகளில், கோடையில் நிலைமை எப்படி என்பதோடு சேர்த்துக் கேட்பது நல்லது.

போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பிழையானது. கொதிக்கக் கொதிக்க நீர்தான் ஆவியாகிறதே தவிர ஃபுளோரைடு குறைவதில்லை. அதன் செறிவு கூடவே செய்யும். முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு நீக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டால், அந்தச் செலவு வீட்டுக்குத் தேவையா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, மாவட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் ஒன்றாக எண்ணுவது. தருமபுரியிலிருந்து 2004-இல் பிரிந்த இம்மாவட்டத்தில் ஓசூரும் ஊத்தங்கரையும் அஞ்செட்டியும் அடக்கம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மேட்டு நிலத்தில் இருக்கும் ஓசூரின் குளுமையைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள், சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரியைக் கண்டு திகைக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் தெருவில் இயல்பாகப் புழங்கும். பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியில் எந்த மொழிகள் கற்பிக்கப்படுகின்றன என்பதை அங்கே முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை என்பதும் பலருக்கு வந்த பிறகே தெரிகிறது. தருமபுரியிலும் ஓசூரிலும் உண்டு. சொந்த ஊருக்கு அடிக்கடி ரயிலில் போக வேண்டியவர்களும், முதிய பெற்றோரை அழைத்து வருகிறவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலைகள் கூடும் ஊர் என்பதால் பேருந்துக்குக் குறைவில்லை. ஆனால் நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் பள்ளி என்பதை வரைபடத்தில் மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. வரைபடத்தில் அரை கிலோமீட்டராகத் தெரியும் இடத்துக்குச் சுரங்கப்பாதை வரை சுற்றிப் போக வேண்டியிருக்கலாம். மிதிவண்டியில் போகும் பிள்ளைக்கு அது பெரிய வேறுபாடு. மாம்பழப் பருவத்தில் மண்டிகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் செல்லும் சாலைகளில் சரக்கு வண்டிகளும் கூடிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டை, பள்ளி நடக்கும் ஒரு நாளில் காலை எட்டு மணிக்கு மீண்டும் வந்து பார்த்து, அங்கிருந்து பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஒருமுறை போய் வந்த பின்னரே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.