பனியே இல்லாத சென்னையில் ஸ்கீ ரேஸ் பிள்ளைகளுக்கு கேம்ப் நடத்துவது எப்படி

"சென்னையில ஸ்கீ டீமா? ஐஸ் எங்க சார் இருக்கு, மீன் மார்க்கெட்லயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு டீமில் பத்து வயதிலிருந்து பதினைந்து வரை ஒன்பது பிள்ளைகள். வருடத்தில் பனி மேல் நிற்கக் கிடைப்பது பன்னிரண்டு நாள், டிக்கெட் விலை இறங்கினால் பதினான்கு. ஸ்கீ வீராங்கனை ஆஞ்சல் தாக்கூர் மணாலிப் பக்கம் வளர்ந்தவர், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலமில் (கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ரேஸ்) 45-வதாக வந்த ஆரிஃப் கான் காஷ்மீரின் குல்மார்க் பக்கத்துக்காரர், அவர்களுக்கெல்லாம் சரிவு வீட்டுக்கு எட்டும் தூரத்தில். நமக்கு அப்படி இல்லை. ஆகவே இங்கேயே கற்றுக்கொள்ள முடிந்த எதையும் அங்கே போய்ப் பனியில் கற்றுக்கொண்டு நாளை வீணாக்கக் கூடாது. எங்கள் கேம்ப் மொத்தமும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

முதலில் தேதி. ஆகஸ்டில் வாரம் மூன்று நாள் என்று ஆரம்பித்துவிட்டு, காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் முழு கேம்பை வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, அப்புறம் புயல் எச்சரிக்கை, அப்புறம் அரையாண்டுப் பரீட்சை, ஒன்பது பிள்ளைகளையும் ஒரே இடத்தில் பார்ப்பதே குதிரைக்கொம்பு. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் காஷ்மீரில் கடுங்குளிர், அதைச் சில்லாய் கலான் என்பார்கள், அந்த நாற்பது நாளில் பனி நிச்சயம் என்று நம்பி நானும் ஒரு காலத்தில் குல்மார்க் பயணத்தை ஜனவரிக்கே போட்டுக்கொண்டிருந்தேன். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவு வெறும் பழுப்பாகக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2025-இல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியின் குல்மார்க் பகுதியையே பனி இல்லாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பிப்ரவரிக்குப் போடுங்கள், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிள்ளைகள் துவண்டுவிடுகிறார்கள், துவண்ட காலோடு குதித்தால் முழங்கால் போகும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு கேன் எப்போதும் கூடவே இருக்கட்டும்.

பயிற்சியில் எனக்குப் பிடித்த இடம் பரங்கிமலைப் படிகள். பெற்றோர் எல்லாம் பிள்ளை மேலே எவ்வளவு வேகமாக ஏறுகிறான் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் பார்ப்பது இறங்குவதைத்தான். பனிச்சறுக்கில் தொடைத் தசை சுருங்கித் தள்ளுவதைவிட, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதுதான் அதிகம். படி இறங்கும்போது தொடை செய்வதும் அதே வேலை. எனவே ஏறுவது சாதாரண நடை, இறங்குவது ஒரு படிக்கு மூன்று எண்ணிக்கை, முழங்கால் மடங்கியபடி, சத்தமில்லாமல். நாலு சுற்று முடிந்ததும் கீழே நின்று கால் நடுங்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. மேலே கோயில் இருக்கிறது, ஜெபிக்க வருகிறவர்கள் இருப்பார்கள், விசில் ஊதாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வாரம் ஒரு நாள். உலர்ந்த மணலில் ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தாவி, விழுந்த இடத்தில் இரண்டு எண்ணிக்கை அப்படியே நிற்க வேண்டும். ஒரு ரேஸ் ஓட்டம் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத்துக்கு முன்பின்தான், ஆகவே ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டுப் பெரிய பலன் இல்லை. 45 வினாடி முழு மூச்சாக, இரண்டரை நிமிடம் ஓய்வு, இப்படி ஆறு தடவை. கடலில் கால் நனைக்கிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது, அந்த அலையை நம்ப முடியாது.

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஒரு அடி உயரத் திண்ணையோ படியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அதிலிருந்து இரண்டு காலிலும் குதிக்கச் சொல்லி, நேர் எதிரே தரையோடு தரையாக போனை வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். கால் தரையில் பட்ட நொடியில் முழங்கால் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்து மடங்குகிறதா, அல்லது கால் விரலுக்கு நேராக நிற்கிறதா? உள்ளே மடங்கினால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த உயரம் கிடையாது. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவதுதான் இந்த விளையாட்டின் பெரிய சாபம், அதிலும் திடீரென்று உயரம் கூடும் வயதில் பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, டீமிலேயே உயரமாகக் குதிப்பவள், வீடியோவைப் பார்த்துவிட்டு "மாமா, இது என் காலே இல்ல" என்றாள். அவளுக்கு மூன்று வாரம் குதிப்பே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்வது, ஒற்றைக் காலில் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, முழங்காலுக்கு மேல் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு நண்டு நடை, இவ்வளவுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாள். நாலாவது வாரம் எடுத்த வீடியோவில் முழங்கால் நேராக நின்றது. பாரம் தூக்கும் ஜிம் எல்லாம் இந்த வயதுக்கு அவசரமே இல்லை.

இன்லைன் ஸ்கேட்டிங் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் ஸ்கேட்) கட்டாயம் வேண்டும், ஆனால் சமதள ரிங்க்கில் மட்டும். வளையும்போது வெளிக்காலில் எடையைப் போடுவது, தோள் வளைவோடு சுற்றிப் போகாமல் முன்னே பார்த்திருப்பது, இரண்டும் சக்கரத்தில் அருமையாக வரும். வராதது ஒன்று உண்டு. ஸ்கீயைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வேகத்தைக் குறைக்கலாம், சக்கரம் அப்படிச் சறுக்காது. எனவே சரிவு கூடாது. விடியற்காலையில் ஃப்ளைஓவர் காலியாகத்தானே இருக்கும் என்று ஒரு அப்பா ஐடியா கொடுத்தார். ஷிவ கேசவன் இமயமலை ரோட்டில் சக்கரம் வைத்த லூஜில், அதாவது மல்லாந்து படுத்துச் சறுக்கும் வண்டியில், பயிற்சி எடுத்த வீடியோவையும் காட்டினார். அவர் ஆறு ஒலிம்பிக் போனவர் சார், நம்ம பையன் ஆறாம் வகுப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

மழை நாளில் மொட்டை மாடி, அதாவது மழை விட்டதும். ஒரு பாட்டி காவியும் நீலக் கோலப்பொடியும் கொடுத்தார், அதிலேயே கேட் (ரேஸில் கடந்து போக வேண்டிய கம்பங்கள்) போடுகிறோம், சிவப்பு ஒன்று நீலம் ஒன்று மாற்றி மாற்றி, ரேஸில் இருப்பது போலவே. நடுவில் ஒரு ஹேர்பின், அதாவது இறங்கும் திசையிலேயே ஒன்றின் கீழ் ஒன்றாக அடுத்தடுத்து இரண்டு கேட். பிள்ளைகள் ஒரு தடவை ஓரமாக நடந்து பார்ப்பார்கள், அப்புறம் திரும்பி நின்று கண்ணை மூடி இரண்டு உள்ளங்கையையும் ஸ்கீயாக வைத்து முழுப் பாதையையும் ஓட்டிக் காட்ட வேண்டும், எத்தனையாவது கேட்டில் எந்தப் பக்கம் என்று வாயாலும் சொல்லிக்கொண்டே. நிஜ ரேஸிலும் பார்வையிடும் நேரத்தில் பாதைக்குள் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்வதுதான். ஒரு கேட் தவறினாலும் அந்த ஓட்டம் போச்சு. ஸ்லாலமில் இரண்டு ஓட்டம், இரண்டாவதற்கு வேறு பாதை, அதனால் இங்கேயும் அரை மணியில் கோலத்தை அழித்து வேறு போடுங்கள்.

இனி பூட்ஸ். முதல் வருடம் குல்மார்க்கில் எங்களுக்கு ஒன்றரை நாள் பூட்ஸ் மாட்டுவதிலேயே போனது. அதிலிருந்து கேம்பில் தினமும் இருபது நிமிடம் பூட்ஸ் நேரம். அளவு பாதத்தின் சென்டிமீட்டரில் இருக்கும், பிள்ளை வளருகிறானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் கால் உள்ளே நீந்தும், ஸ்கீ பேச்சைக் கேட்காது. மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் மடிப்பில்லாமல். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, மேல் கொக்கியை இறுக்கி, முன் கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தி நிற்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகி சுலபமாக மாட்டும், ஏமாந்துவிடாதீர்கள், அங்கே குளிரில் அது கல். ஏசியை 18-இல் வைத்து, கையில் க்ளவுஸ் போட்டுக்கொண்டு பழக்குங்கள். அந்தத் தட்டும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து "என்ன சார், தினமும் ஆறு மணிக்கு ஆட்டுக்கல்ல உருட்டுறீங்களா?" என்று கேட்டார். பழைய மெத்தை ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஸ்கீ வைத்திருப்பவர்களுக்கு: கடல் காற்று அதன் இரும்பு விளிம்பைத் தின்றுவிடும். திருவான்மியூர் பால்கனியில் வைத்த ஒரு ஜோடி ஜூன் மாதத்துக்குள் காவி நிறத்துக்கு வந்துவிட்டது. நன்றாகத் துடைத்து, அடிப்பாகத்தோடு விளிம்பும் மறையும்படி மெழுகை உருக்கித் தடவி, சுரண்டாமல் அப்படியே உலர்ந்த பரணில் வைத்துவிடுங்கள். இரண்டே ஜோடி உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு மற்றதெல்லாம் அங்கே வாடகைதான்.

வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, எவ்வளவு நன்றாக ஓட்டுவான் என்று கேட்பார்கள். "சூப்பரா ஓட்டுவான்" என்று பெருமை அடிக்காதீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங்கை எவ்வளவு இறுக்குவது என்று முடிவு செய்கிறார்கள், அதிகம் இறுகினால் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்தத் திருகை நீங்களாகத் தொடவும் வேண்டாம்.

உடுப்பு விஷயத்தில் மார்கழிக்கு மங்கி குல்லா போடும் ஊர் நாம், அதனால் கம்பளி மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள், உள்ளே மட்டும் காட்டன் பனியன்! காட்டன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டில் உட்கார்ந்ததும் நடுக்கம். உடம்பை ஒட்டி சிந்தெடிக் அல்லது மெல்லிய கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம், போன அன்று நடை மட்டும், ரேஸ் பேச்சே கூடாது. பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் என்றால் சமாளித்துக்கொள் என்று சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரைக் கேட்டுக் கேட்டுக் குடிக்க வையுங்கள். பருப்புப் பொடியும் தக்காளித் தொக்கும் கொண்டுபோனால் ராத்திரி யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

டெல்லியில் விமானம் மாற வேண்டியிருக்கும், பெட்டி ஒரு நாள் பிந்தி வருவது எங்களுக்கு இரண்டு தடவை நடந்துவிட்டது. காலுக்குப் பழகிய பூட்ஸ் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் கேபின் பையில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் திறந்து காட்டச் சொல்வார்கள், அதற்கு ஒரு பத்து நிமிடம் சேர்த்து வீட்டிலிருந்து கிளம்புங்கள்.