எந்த அறைக்கு எந்தப் பளபளப்பு? பெயின்ட் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

நிறம் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, மின்னாத மேட்டா, மிதமாக மின்னும் சாட்டினா என்பதை இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். சுவர் எத்தனை ஆண்டு அழகாக இருக்கும் என்பது அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

முதலில், இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். மேடு, பள்ளம், பட்டி தேய்த்த தடம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். மின்னும் பூச்சு இவற்றைக் காட்டிக்கொடுக்கும், மேட் மறைத்துவிடும். பெயின்டில் நிறத்தூளும் அதைப் பிடித்துவைக்கும் பிசினும் உண்டு. பிசின் கூடினால் மேற்பரப்பு வழுவழுப்பாகி மின்னும், துடைப்பதையும் தாங்கும். தூள் கூடினால் நுண்ணிய சொரசொரப்பில் ஒளி சிதறும். கறையும் எளிதில் உள்ளே இறங்கும்.

அடுத்து, ஒவ்வோர் அறையிலும் கை எங்கே படுகிறது, தண்ணீர் எங்கே தெறிக்கிறது என்று கவனியுங்கள். சீலிங்குக்குத் தயக்கமே வேண்டாம், மேட்தான். படுக்கையறைக்கும் மேட் போதும். சற்றே மினுமினுப்பு வேண்டுமென்றால் எக்‌ஷெல். நடைவழிக்கும் குழந்தைகள் அறைக்கும் சாட்டின். கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு சாட்டினைவிடக் கூடுதலாக மின்னும் செமி கிளாஸ் அல்லது முழுப் பளபளப்பான கிளாஸ்.

சமையலறையில்தான் பலரும் தவறுகிறார்கள். அங்கே எண்ணெய்ப்புகை படிந்துகொண்டே இருக்கும்; மேட் பூசினால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் திட்டுத்திட்டாகும். சுவர் சமமாக இருந்தால் செமி கிளாஸ், இல்லையென்றால் சாட்டின். பூசும் முன் சோப்புத் தண்ணீரால் பிசுக்கைக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். குளியலறைக்கும் இதே தேர்வுதான். ஆனால் நீர்க்கசிவு இருந்தால் அதை அடைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் எந்தப் பூச்சும் கொப்பளித்து உரியும்.

சாட்டின் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனத்தின் பெயின்ட் கூடுதலாக மின்னும், இன்னொன்று குறைவாக மின்னும். அதனால் சிறிய டப்பா ஒன்று வாங்கி, 2 அடி அட்டையில் இரண்டு முறை பூசி, சுவரில் சாய்த்துவைத்துக் காலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். அடர்நிறமென்றால் மினுமினுப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். பளபளப்பில் ஒரு படி இறங்கி வாங்குவதே என் வழக்கம்.

பழைய பூச்சு பளபளப்பானதா? 220 எண் உப்புத்தாளால் அதன் மினுமினுப்பு போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். வழுவழுப்பின்மேல் புதுப் பெயின்ட் பிடிக்காது. நகம் பட்டாலே தோலாக உரிந்துவரும்.