புயல் மாதங்களில் கப்பல் பயணம்
தைப்பூசக் காவடி முடிந்த கையோடு மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குக் கப்பலில் உல்லாசப் பயணம் செல்ல நினைப்பவர்கள், நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை நம் கடலில் புயல் காலம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகரத் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்கள் நாம். புயல் நெருங்கினால் துறைமுகத்தை மூடிக் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே கப்பல் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும், குறித்த நாளில் கரை திரும்புவதுதான் நிச்சயமில்லை. பயணக் காப்பீட்டைச் சீட்டுப் பதிவு செய்யும் அன்றே எடுத்துவிடுங்கள், ஏனெனில் புயலுக்குப் பெயர் சூட்டிய பிறகு வாங்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலால் வரும் இழப்பை ஏற்பதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.