கேம்கார்டர் வீடியோவை எந்த ஃபார்மட்டில் அனுப்புவது?

கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று கேம்கார்டரில் எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. இப்போது சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால் ஒருவர் போனில் ஓடவில்லை, இன்னொருவருக்குப் படம் வருகிறது சத்தம் வரவில்லை, மூன்றாமவர் "எல்லாரும் ஏன் இப்படி ஒல்லியா இருக்காங்க" என்று கேட்கிறார். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: எம்பி4 கோப்பு, அதற்குள் ஹெச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் இன்றைக்குக் கையில் இருக்கும் அநேகமாக எல்லாப் போனிலும் டிவியிலும் ஓடும். ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில்தான் பலரும் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்டிஎஸ் இவையெல்லாம் பாத்திரங்கள்; ஹெச்.264, எம்பெக்-2, டிவி (DV, மினிடிவி கேசட்டில் பதியும் முறை; தொலைக்காட்சி அல்ல) இவைதான் உள்ளே இருக்கும் சாம்பார். அதனால் "எம்டிஎஸ் ஓடவில்லை, எம்பி4 ஆக மாற்ற வேண்டும்" என்பவருக்குப் பல சமயம் புதிதாகச் சமைக்க வேண்டிய வேலையே இருக்காது, பாத்திரம் மாற்றினால் போதும். உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். கோடெக் (அதாவது உள்ளே இருப்பது எந்தச் சாம்பார்), அளவு, ஃப்ரேம் வேகம், ஃப்ரேமைக் கோடு விட்டுக் கோடாக இரண்டு தடவையில் எடுத்த இன்டர்லேஸா, முழுதாக ஒரே தடவையில் எடுத்த ப்ரோக்ரெசிவா என்பது வரை எல்லாம் சொல்லிவிடும்.

வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலும் வருவது மூன்று நான்கு வகைதான். மினிடிவி கேசட் என்றால் ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால்தான் கேசட்டில் இருப்பது அப்படியே வரும். ஒரு மணி நேரம் ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். சின்ன 8 செ.மீ. டிவிடியில் பதியும் கேமரா என்றால் எம்பெக்-2, விஓபி கோப்புகள். ஹார்ட் டிஸ்க் கேமரா சிலவற்றில் வரும் எம்ஓடி கோப்பும் உள்ளே எம்பெக்-2தான். பெயரின் கடைசியில் எம்பிஜி என்று மாற்றினாலே பல ப்ளேயர்கள் ஓட்டிவிடும்.

அப்புறம் 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஹெச்டி. எம்டிஎஸ் கோப்பு என்றால் இதுதான். உள்ளே ஏற்கெனவே ஹெச்.264 இருக்கிறது, ஆனால் ஆடியோ பெரும்பாலும் டால்பி டிஜிட்டல், அதாவது ஏசி-3. போனில் சத்தம் வராததற்கு வழக்கமான காரணம் அதுதான். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் தெரிந்தவர்கள் வீடியோவை அப்படியே காப்பி செய்து ஆடியோவை மட்டும் ஏஏசி ஆக்கினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும், படத்தின் தரம் ஒரு துளி குறையாது.

இதில் இன்னொரு தொல்லை, நீளமாக எடுத்த காட்சியைக் கேமரா 2 ஜிபி அல்லது 4 ஜிபி துண்டுகளாக உடைத்து வைத்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றி அப்புறம் ஒட்டினால், சேரும் இடத்தில் நாதஸ்வரம் ஒரு கணம் வெட்டுப்பட்டு ஒலிக்கும். முதலில் கேமராவோடு வந்த மென்பொருளிலேயே சேருங்கள், பிறகு மாற்றுங்கள். கார்டிலிருந்து எடுக்கும்போதும் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்காமல் முழு ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள், எந்தத் துண்டு எதற்குப் பின்னால் வர வேண்டும் என்ற விவரம் மற்றக் கோப்புகளில்தான் இருக்கிறது.

சரி, படம் உண்மையில் கெடுவது எங்கே? என்னைக் கேட்டால் ஃபார்மட்டால் அல்ல, இன்டர்லேஸால். நம் பக்கம் விற்ற, பால் (PAL) என்ற பழைய டிவி முறையில் இயங்கும் கேமராக்கள் நொடிக்கு 25 ஃப்ரேம் என்று சொல்லிக்கொண்டாலும், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படைக் கோடுகள் ஐம்பதில் ஒரு நொடி தள்ளியும் எடுக்கப்பட்டவை. பழைய குழாய் டிவியில் இது அழகாக ஓடியது. போன் திரையிலோ, குழந்தை ஓடும்போது கை கால் ஓரமெல்லாம் கிழிந்த மாதிரி கோடு கோடாகத் தெரியும். பாத்திரம் மட்டும் மாற்றினால் இந்தக் கோடுகள் போகாது. ஆகவே போனில் பார்க்கப்போகிறவர்களுக்கு, கோப்பு இன்டர்லேஸ் என்றால், மறுபடி என்கோடு செய்யத்தான், அதாவது புதிதாகச் சமைக்கத்தான் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபில்டர் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் (இந்தக் கோடுகளை நீக்குவது) என்பதில் பிடபிள்யூடிஃப் (Bwdif) தேர்ந்தெடுத்து, அதன் ப்ரீசெட்டை பாப் (Bob) என்று வையுங்கள். அப்போது 25 ஃப்ரேம் 50 ஆகும், அசைவு கேமராவில் இருந்தபடியே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ஹேண்ட்பிரேக் திறந்தவுடன் வரும் ப்ரீசெட் ஃப்ரேம் வேகத்தை 30-க்கு மேல் விடாது, அதைக் கவனிக்காமல் விட்டால் படம் திக்கித் திக்கி ஓடும்; வீடியோ பக்கத்தில் 50 என்று நீங்களே வைக்க வேண்டும். வீடியோ என்கோடர் ஹெச்.264, தரம் ஆர்எஃப் 20 சுற்றி வையுங்கள், எண் குறையக் குறையத் தரமும் கூடும், கோப்பும் பெருக்கும். வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தை டிக் செய்தால் முழுவதும் இறங்கும் முன்பே இணையத்தில் ஓடத் தொடங்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முழு ஹெச்டி 50 ஃப்ரேமில் இருந்தால் பழைய டிவிகள் பென் டிரைவிலிருந்து ஓட்ட மறுக்கும், அந்த வீட்டுக்கு மட்டும் 25 ஃப்ரேமில் ஒன்று போட்டுக் கொடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேலான ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒல்லி விவகாரத்துக்கு வருவோம். மினிடிவி கேசட், டிவிடி கோப்புகளில் படம் 720 × 576 என்று பதிந்திருக்கும், ஆனால் அதன் புள்ளிகள் சதுரமல்ல. அதை அப்படியே காட்டும் ஆப்களில் ஆட்கள் இளைத்துவிடுவார்கள். வெளியே வரும் கோப்பு சாதாரண 4:3 படம் என்றால் 768 × 576, அகலத்திரை என்றால் 1024 × 576 என்று சதுரப் புள்ளிகளில் இருக்கும்படி வைத்துவிட்டால் எங்கே போனாலும் சரியாகத் தெரியும்.

ஹெச்.264-க்கு அடுத்து வந்த ஹெச்.265 போடலாமா என்று கேட்பார்கள். கோப்பு சின்னதாகும், உண்மை. ஆனால் பெரியப்பாவின் பழைய லேப்டாப்பில் ஓடாவிட்டால் மறுபடி உங்களுக்குத்தான் போன் வரும். பகிர்வதற்கு ஹெச்.264 போதும்.

எங்கே அனுப்புகிறோம் என்பதையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு மறுபடி சுருக்கும், அதனால் டாக்குமென்ட் என்று அனுப்புங்கள். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும், அதாவது நொடிக்கு 6 மெகாபிட் என்றால் முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட. குடும்பம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்றால் யூடியூபில் அன்லிஸ்டட் ஆக ஏற்றி லிங்க் கொடுப்பது சுலபம், ஆனால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம், எனவே குழந்தைகள் படத்துக்கு யோசித்துச் செய்யுங்கள். பழைய கேசட் படத்தை யூடியூபில் போடுவதானால் 960 × 720 அல்லது 1440 × 1080 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள், ஏனெனில் படத்தின் உயரம் 720-க்குக் கீழே இருந்தால் 50 ஃப்ரேமை அது காட்டுவதில்லை.

மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஒருமுறை சுருக்கியதிலிருந்து பழைய தரத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை, டிஸ்க் விலையும் அந்த அளவுக்கு இல்லை. மாற்றும்போது எடுத்த தேதி பெரும்பாலும் தொலைந்துவிடும் என்பதால் கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிடுங்கள், தானாகவே காலவரிசையில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றக் கிளம்புவதற்கு முன்னால், யாராவது வேகமாக நடக்கும் அல்லது ஆடும் அரை நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் மாற்றி, இருப்பதிலேயே பழைய போன் வைத்திருக்கும் உறவினருக்கு அனுப்பி, படமும் சத்தமும் சரியாக வருகிறதா என்று கேளுங்கள்.